விறகு லொறியில் ஏற்றுவதற்கு முன்

தேயிலை மலையில் நிற்கும் சவுக்கு (கிரவிலியா) மரத்தைக் காட்டி “அது விறகுதானே” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சின்ன வயதிலிருந்து நாம் எல்லோரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். சவுக்கு என்றால் விறகு. டர்பன்டைன், அதாவது யூகலிப்டஸ், என்றால் விறகு, கூடிப்போனால் கூரைக்குக் கைமரம். பலா ஒன்றுக்குத்தான் மரியாதை. மற்றதெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையின் சூளைக்குப் போகவே பிறந்தவை என்பது போலப் பேசுகிறோம். அந்தப் பேச்சு தவறு. ஒரு சின்ன மரக்காலையில் நின்று, கட்டையை அரிந்து திறப்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வெலிமடைப் பக்கம் எங்கள் மாமா ஒருவர் மரக்காலை வைத்திருக்கிறார். பெரிய இடமில்லை. நாலு கம்பம், தகரக் கூரை, தரையில் இரண்டு தண்டவாளம், அதன் மேல் ஓடும் ஒரு பட்டை வாள். பெரிய ஆலைகளில் கட்டையைத்தான் வாளுக்குத் தள்ளுவார்கள். இங்கே கட்டை அசையாமல் படுத்திருக்கும், வாள் அதன் மேல் போய்த் திரும்பும். லீவு கிடைத்தால் நான் அங்கேதான். அலவாங்கு போட்டுக் கட்டையைப் புரட்டுவேன், பலகை தூக்குவேன், மரத்தூள் அள்ளுவேன். அதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் வேறெதிலும் கிடைப்பதில்லை.

ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துக்கொள்வோம். கிரவிலியா என்று தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்களே, அதே மரம். கிழக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தேயிலைக்கு நிழல் மரமாக நட்டது. வெளியே பார்த்தால் சாம்பல் பட்டை, அங்கங்கே கிளை வெட்டிய தழும்பு, ஒரு அழகும் கிடையாது. முதல் வெட்டில் ஓரப்பலகை கழன்று விழும். இரண்டாவது, மூன்றாவது வெட்டில் அகலமான முகம் வரும். மாமா வாளை நிறுத்திவிட்டு, கையால் மரத்தூளைத் தள்ளி, ஈரத் துணியால் ஒரு துடை துடைப்பார். இளஞ்சிவப்பும் மண்நிறமும் கலந்த பலகை முழுக்க, மீன் செதில் மாதிரி பளபளவென்று புள்ளிகள் எழும்பி நிற்கும். பலகையைச் சற்றுச் சாய்த்தால் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும். அவ்வளவு நாளும் அந்த மரத்துக்குள் அது இருந்திருக்கிறது, அதை முதன்முதலாகப் பார்க்கிற ஆட்கள் நாம் இரண்டு பேர் மட்டும். இதைவிடப் பெரிய சம்பளம் இந்தத் தொழிலில் இருக்கிறதா தெரியவில்லை.

அந்தப் பளபளப்புக்குக் காரணம் இருக்கிறது. மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி, மெல்லிய நாடா நாடாவாகத் திசுக்கள் போகும். பல மரங்களில் அவை கண்ணுக்கே தெரியாது. சவுக்கில் அவை நல்ல அகலம். வாள் அந்த நாடாக்களின் வழியே, நடுவை நோக்கிப் போனால் அவை படுத்த வாக்கில் வெட்டுப்பட்டுப் பூவாக விரியும். சும்மா மேலிருந்து கீழே வரிசையாக அரிந்துகொண்டே போனால், பெரும்பாலான பலகைகளில் சின்னச் சின்னக் கோடுகளாக மட்டும் தெரிந்துவிட்டுப் போய்விடும். மரம் ஒன்றுதான். பூ வருவதும் வராததும் கட்டையை எந்தப் பக்கம் வைத்து அரிகிறோம் என்பதில் இருக்கிறது. வெளிநாடுகளில் ஓக் மரத்தை இப்படி நடுவை நோக்கி அரிந்த பலகைக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம்மிடம் அதற்கு நிகரான பூவோடு ஒரு மரம் வேலியோரம் நிற்கிறது, நாம் அதைத் துண்டு போட்டு அடுப்புக்குள் தள்ளுகிறோம்.

பெரிய ஆலைக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. அங்கே ஒரு நாளில் எத்தனை கன அடி என்பதுதான் கேள்வி. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அது வேறு கணக்கு. சின்ன மரக்காலையில்தான் ஒரு கட்டையைச் சுற்றி நின்று யோசிக்க முடியும். ஒருநாள் நான் அவசரப்பட்டு, “இதை எப்படி மாமா படுக்க வைக்கிறது?” என்று கேட்டேன்.

“முதல்ல தலைமாட்டைப் பாரு மருமகனே. நடு எங்க இருக்கு?”

வளையங்கள் தொடங்கும் நடு, வெட்டுமுகத்தின் மத்தியில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

“சரிவுல நின்ன மரம். மேட்டுப் பக்கத்து நார் இழுத்துப் பிடிச்சிருக்கும். அந்தப் பக்கம் வர்ற பலகை கோணும், சீவினாலும் பஞ்சு மாதிரி எழும்பும். அதைத் தனியா ஒதுக்கி வைக்கணும்.”

மலைநாட்டில் சமதரையில் வளர்ந்த மரம் எத்தனை கிடைக்கும்? இங்கே ஒவ்வொரு கட்டையும் தான் நின்ற சரிவை உடம்பில் எழுதிக்கொண்டு வருகிறது. அதை வாசிக்கத் தெரிந்தவன் கையில் கிடைத்தால் மேசையாகும், கிடைக்காவிட்டால் கோணல் பலகையாகிக் கோழிக்கூடாகும்.

டர்பன்டைன் இன்னும் முரடு. பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை எங்கும் நிற்கிறது. ரயில் சிலிப்பர் கட்டைக்குக் கூட எடுத்த உறுதியான மரம். ஆனால் உயிரோடு நிற்கும்போதே அதற்குள் ஒரு இறுக்கம் இருக்கும். ஒரே பக்கமாக அரிந்துகொண்டு போனால் பாதியில் கட்டை வில்லாக வளைந்து வாளைக் கவ்விவிடும். ஒரு பக்கம் இரண்டு பலகை, அப்புறம் புரட்டி மறுபக்கம் இரண்டு பலகை என்று மாற்றி மாற்றி எடுத்தால் அந்த இறுக்கம் சமமாகக் கழன்றுவிடும். வேலை கூடுதல்தான். ஆனால் நல்ல வைரம் பாய்ந்த யூகலிப்டஸ் பலகையைச் சீவி எண்ணெய் பூசிப் பாருங்கள், சிவந்த மண்ணின் நிறம் வரும்.

டூனா அதற்கு நேரெதிர். மஹோகனிக்கும் வேம்புக்கும் சொந்தக்காரன். லேசான சிவப்பு மரம், வாள் படும்போதே ஒரு இனிய வாசம் மரக்காலை முழுக்கப் பரவும். கைக்கு அடங்கி நடக்கிற மரம் என்றால் இதுதான். பலாவைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அரிந்த அன்று மஞ்சளாக எரியும், வெயில் வெளிச்சம் பட்டுப் பட்டு வருடம் போகப் போகத் தேன் நிறமாகிக் கறுக்கும். பிக்குமாரின் காவியுடைக்கு நிறம் ஏற்றியது இந்த மரத்தின் வைரத்தை அவித்துத்தான். வீட்டு வளவில் வளர்ந்த பலாவில் ஒரு பயம் மட்டும் உண்டு. கொடி கட்ட அடித்த ஆணி, சாமிப் படம் மாட்டிய ஆணி, எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஒரு கறை கண்டால் உடனே வாளை நிறுத்த வேண்டும், பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழகு சோறு போடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் பக்கம் கட்டையை அளக்கும்போது சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறோம். 4 அடிச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்தக் கட்டைக்குள் 12.7 கன அடி மரம் இருக்கிறது. ஓரப்பலகைக்கும் தூளுக்கும் போகட்டும் என்று பழைய ஆட்கள் விட்ட கழிவு அது. ஆனால் தூள் எவ்வளவு என்பதை வாள்தான் தீர்மானிக்கிறது. வட்ட வாள் ஒவ்வொரு வெட்டிலும் 5, 6 மில்லிமீற்றர் மரத்தைத் தின்னும். மெல்லிய பட்டை வாள் 2 மில்லிமீற்றர் அளவோடு விட்டுவிடும். பத்து வெட்டுப் போட்டால் ஒரு அங்குலத்துக்கும் மேல் மிச்சம், அதாவது ஒரு முழுப் பலகை சும்மா கிடைக்கிறது. விழுகிற தூளும் வீணில்லை. அடியோரம் ஒரு ஓட்டை போட்ட தகர டின்னின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, போத்தலை உருவி எடுத்தால் அடுப்பு தயார், ஒரு நேரச் சமையல் தாராளமாக முடியும்.

அரிந்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள்தான் நல்ல பலகையைக் கெடுக்கிறார்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காற்றில் உலர வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நுவரெலியாப் பனிக்குள் அதற்கு மேலும் ஆகும். எங்கள் ஊவாப் பக்கம் கொடுத்து வைத்தது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் அதே ஜூலை, ஆகஸ்ட் வறண்ட காற்று பலகைக்கும் நல்லது. ஆனால் அதை நேரே அடிக்க விட்டால் முனைகள் வெடிக்கும். அரிந்த அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசிவிட வேண்டும். தரையிலிருந்து தூக்கி, பலகைக்குப் பலகை ஒரே தடிப்புள்ள குச்சி வைத்து, குச்சிகளை மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, மேலே பாரம் ஏற்றி, கூரைக்குக் கீழே பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்க வேண்டும். குச்சி ஒன்று விலகினால் அந்த இடத்தில் பலகை வளையும்.

இப்படிச் சொன்னதும் “அப்போ காட்டையெல்லாம் வெட்டச் சொல்கிறீர்களா?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்து வந்து தோட்டத்து லயன் வீடுகளை மூடியதைப் பார்த்த மக்கள் நாம், சரிவில் நிற்கும் மரத்தைத் தொடச் சொல்ல எனக்கு மனம் வராது. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது 1990இலிருந்து தடை, அது அப்படியே இருக்கட்டும். நான் பேசுவது எப்படியும் விழப்போகிற மரத்தைப் பற்றி. தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது சாய்க்கிற சவுக்கு, வீதியை அகலப்படுத்தும்போது விழுகிற டூனா, காற்றில் முறிந்த யூகலிப்டஸ். இவை இன்று எங்கே போகின்றன? ஒரு தோட்டத்தில் இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் அடங்காத சவுக்கு மரங்களைச் சாய்த்து, மூன்றடித் துண்டாக்கி, பிளந்து லொறியில் ஏற்றியதை நின்று பார்த்தேன். கேட்டால், தொழிற்சாலைக்கு விறகு வேண்டும் என்றார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. கிளையும் கோணலும் மெலிந்த மரமும் விறகாகட்டும். அடிக்கட்டையை மட்டும் பத்தடி நீளத்தில் தனியாக எடுத்து வைக்க என்ன செலவு?

அந்த மரங்களை நட்டதும் தண்ணீர் ஊற்றியதும் கிளை வெட்டிப் பராமரித்ததும் நம் ஆட்கள். ஆனால் நம் வீடுகளில் அந்த மரத்தால் செய்த ஒரு கதிரை கிடையாது. தவணைக்கு வாங்கிய தூள்பலகை அலுமாரிதான் நிற்கிறது, இரண்டு மழைக்காலம் போனால் பனிக்கு ஊதிக் கதவு மூடாது. கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில் எம்பெக்க தேவாலயம் இருக்கிறது, 14ஆம் நூற்றாண்டு வேலை. ஒரே மர ஆப்பில் 26 கைமரங்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றுலா போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறோம். இதே மலையில் மரத்தை இவ்வளவு தூரம் அறிந்த கைகள் இருந்திருக்கின்றன என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கிறோமா? மாமாவிடம் வேலை செய்யும் இரண்டு பையன்களும் தோட்டத்துப் பிள்ளைகள். கொழும்புக் கடைக்குப் போகாமல் நின்றுவிட்டவர்கள். அதில் ஒருவன் வாளின் சத்தத்தை வைத்தே கணு வருகிறது என்று சொல்லி வேகத்தைக் குறைக்கிறான். வாள் பல்லுக்குக் கூர் போடவும், பல்லை இடம் வலமாகச் சாய்க்கவும் அவனுக்குத் தெரியும். இது கூலி வேலை இல்லை, தொழில். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு வேலை சொல்லித் தருகிறார்கள், அதோடு கட்டையைப் பார்த்து அரியவும் உலர்த்தவும் சொல்லித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. கூடவே காது மூடியும் முகமூடியும் கட்டாயமாக்க வேண்டும். சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் பட்டாலே கொப்புளிக்கும், அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

உங்கள் வளவில் ஒரு மரத்தை எடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால், விறகுக்காரரைக் கூப்பிடும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில் கிராம சேவகரிடமும் வன இலாகாவிலும் கேட்டு, வெட்டவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பலா, ஈரப்பலா என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. அடுத்து, அடிக்கட்டையைத் துண்டு போடாமல் நீளமாக விட்டு, பக்கத்தில் உள்ள சின்ன மரக்காலைக்காரரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அரியும்போது ஒரு அங்குலப் பலகை வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலமாகக் கேளுங்கள், உலர்ந்து சீவிய பிறகு அளவு சரியாக வரும். முடிந்தால் அன்றைக்கு நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள்.

பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது இரண்டடி அகலத்துக்கு மேல் டூனாக் கட்டையோ சவுக்குக் கட்டையோ கிடந்தால் கீழே எழுதுங்கள். மழைக்குள் கிடந்து கெடும் முன் வந்து பார்க்கிறோம்.