படமெடுத்துவிட்டு வீசினால் மீன் பிழைக்காது

எங்கள் ஏரி மதகுப் பக்கம் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பகிரப் போவதில்லை. தூண்டிலில் பிடித்த பெரிய கட்லா மீனின் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி, வெயிலில் காய்ந்த கருங்கல்லில் கிடத்தி, ஆளாளுக்கு நின்று படம் பிடித்து, கடைசியில் கரையில் நின்றபடியே தண்ணீருக்குள் எறிந்தார்கள். கீழே கமென்ட் முழுக்கப் பாராட்டு. "உயிரை மதிக்கத் தெரிஞ்ச மனுஷன்" என்று. மறுநாள் அதே மீன் வயிறு மேலாக மதகோரம் ஒதுங்கியதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அந்த மீனை அவர்கள் விடவில்லை. சாகடித்துத் தண்ணீரில் போட்டார்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஏன் செத்தது என்று பார்ப்போம். தூண்டிலில் மாட்டிப் போராடி வந்த மீனுக்கு நன்றாக ஓடிய ஆளைப் போல மூச்சு வாங்கும். அந்த நேரத்தில்தான் அதை வெளியே எடுக்கிறோம். தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மூச்சு நின்றுவிடும். உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது. செவுளைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் மொத்த எடையும் செவுளிலும் உள்ளுறுப்பிலும் இறங்கும், செவுள் கிழிந்து ரத்தம் வரும். சூடான கல், மீன் உடம்பின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். அந்த வழுவழுப்புதான் தோலுக்குக் காவல். அது போன இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் மீன் நீந்திப் போனதைப் பார்த்தேன் என்பது எதற்கும் சான்றில்லை. அன்றே சாகாத மீன் நாலு நாள் கழித்துச் சாகலாம்.

கோடையில் இது இன்னும் மோசம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும்; 30 டிகிரியில் அதிகபட்சம் 7.5. அதிலும் பாசி இரவெல்லாம் சுவாசித்துத் தீர்ப்பதால் விடியும்முன் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும். சித்திரை வைகாசியில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "செம்ம மூவ்மென்ட்" என்று ராடைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவை மூச்சுக்குத் திணறுகின்றன, தம்பி. அன்றைக்குத் தூண்டிலே போடக் கூடாது.

பெரிய மீன் அதிர்ஷ்டம், "ரகசிய மாவு" வாங்கினால் போதும் என்று நினைப்பவர்களால்தான் இது நடக்கிறது. இரையில் ரகசியம் எதுவும் இல்லை. தவிடு இரண்டு பங்கு, இரவே ஊறவைத்துப் பிழிந்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு. எலுமிச்சை அளவு உருட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் கரைந்து புகைபோல மேலே எழ வேண்டும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மீசை கிடையாது, சீப்பு போன்ற செவுள்முட்களால் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். அந்தப் புகைக்குள் நாலைந்து அடி ஆழத்தில் மிதவையில் தொங்கும் இரையைத்தான் அது எடுக்கும். மைதா கூடினால் உருண்டை கல்லாகி அடியில் போய்க் கிடக்கும்; அதை அடியில் மேயும் மிர்காலும் சாதா கெண்டையும் தின்றுவிட்டுப் போகும். கிலோக்கணக்கில் கொட்டினாலும் கெடுதல்தான், மிச்சம் அழுகி அடித்தண்ணீரின் ஆக்சிஜனைக் குடிக்கும்.

இரை இவ்வளவுதான். கஷ்டம் இடம் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்குத்தான் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். மழை முடிந்து ஏரி நிறைந்ததும் மீன் புதிதாக மூழ்கிய புல்வெளிக்குப் போகும். பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்கப் பழைய வாய்க்கால் தடத்துக்கும் மதகுப் பள்ளத்துக்கும் ஒதுங்கும். வற்றிய வருஷம் காய்ந்த தரையில் நடந்து எங்கே பள்ளம், எங்கே கருவேல முட்டு என்று குறித்து வைத்தவருக்கே, நிறைந்த வருஷம் தூண்டில் எங்கே விழ வேண்டும் என்று தெரியும். அடித்தரையை அறிய, நரம்பில் வெறும் ஈயக் குண்டை மட்டும் கட்டி எறிந்து மெல்ல இழுத்தால் சேற்றில் பிசுபிசுவென வரும், சரளையில் டக் டக்கென்று விரலுக்குத் தட்டும். எங்கள் கரையில் உட்காரும் பெரியவர் ஒருவர் ஒரு கோடை முழுக்க ஈயம் மட்டுமே எறிந்தார், தூண்டில் முள்ளே கட்டவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று அவர் காட்டிய இடத்தில்தான் உட்காருகிறார்கள்.

"வலை போடுறவன் வண்டி வண்டியா அள்ளுறான், அவனைக் கேளு" என்பீர்கள். குத்தகை எடுத்தவர் பிழைப்புக்காகப் பிடிக்கிறார், விற்கிறார், யாரோ குழம்பு வைக்கிறார்கள். அந்த மீன் வீணாகவில்லை. நீங்களும் சாப்பிடத்தான் பிடித்தீர்களா? தாராளமாகச் சாப்பிடுங்கள், உடனே தலையில் அடித்துக் கொன்று எடுத்துப் போங்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாப்பிடவும் இல்லை, பிழைக்கவும் விடவில்லை, பாராட்டு மட்டும் வேண்டும் என்றால்தான் மனசு கொதிக்கிறது.

என் பக்கம் பேசிய சிலர் "முட்டையிடும் தாய் மீனாச்சே" என்று எழுதியிருந்தார்கள். அது சரியில்லை. கட்லா நம் ஏரியில் முட்டையிடாது. அதற்கு ஓடும் வெள்ளம் வேண்டும். 1957-ல் மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு பரவலாகக் கிடைத்தது. விரல் நீளக் குஞ்சாக இங்கே விட்டது, கொக்குக்கும் விராலுக்கும் ஒவ்வொரு வருஷ வலைக்கும் தப்பி அந்த அளவு வளர்ந்திருக்கிறது. அதன் குட்டி என்று ஒன்று இந்த ஏரியில் வரப் போவதில்லை. எனக்கு இதுதான் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

"பிடிச்ச மீன் எப்படியும் சாகும்" என்பதும் பொய். 1952-ல் இங்கிலாந்தில் ரெட்மியர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 பவுண்டு கெண்டை, அதாவது ஏறக்குறைய 20 கிலோ, லண்டன் மிருகக்காட்சிசாலைத் தொட்டியில் 1971 வரை உயிரோடு இருந்தது. தூண்டிலில் பிடிபட்ட மீன்தான் அதுவும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்ச்செதிலைக் குறடால் நசுக்குங்கள். பல முள் சேர்ந்த கொத்துமுள் வேண்டாம், அது வாயை விட்டு வயிற்றிலும் கண்ணிலும் ஏறும். எவ்வளவு இழுத்தால் சுருளிலிருந்து நரம்பு ஓட வேண்டும் என்று வைக்கும் டிராக்கை, நரம்பை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்து, நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். முள் கட்டும் துண்டு நரம்பு பிரதான நரம்பைவிட மெல்லியதாகவும், ஈயம் வழுக்கி ஓடுவதாகவும் இருந்தால், அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியாது. மீனை ஏந்த முடிச்சில்லாத வலைத்தொட்டி, கிடத்த ரெக்சின் சுற்றிய பழைய ஃபோம் துண்டு, ஒரு வாளித் தண்ணீர் மூன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஃபோமை நனைத்து, கையை நனைத்து, மார்புத் துடுப்புக்குக் கீழே ஒரு கை, வால்பக்கம் ஒரு கை. படம் எடுப்பவர் முன்பே தயாராக இருக்க வேண்டும். முப்பது நொடி, அவ்வளவுதான். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னோக்கிப் போகும் தண்ணீர் செவுளைக் கெடுக்கும். அதுவாக உதறிப் போகும்வரை கையை எடுக்காதீர்கள்.

இவை இல்லாமல் பெரிய மீனைத் தேடி மதகுப் பக்கம் வருகிறவர்களிடம் ராடைச் சுருட்டச் சொல்வேன். சண்டைக்கு வந்தாலும் சொல்வேன். அந்த வீடியோவில் இருந்த தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஃபோம் துண்டு என்னிடம் இரண்டு இருக்கிறது, கேட்டால் ஒன்றைத் தருகிறேன்.