காயாத வெள்ளை உடுப்பு

ஜூன் பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்குப் பெருங்கவலை ஒன்றுதான்: மகனுடைய கராத்தே உடுப்பு. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. வகுப்போ செவ்வாயும் சனியும். செவ்வாய் இரவு துவைத்தது சனி காலையிலும் இடுப்பு மடிப்பில், அந்த நாடா ஓடும் இடத்தில், சில்லென்று ஈரமாகவே இருக்கிறது.

மெல்லிய சட்டை என்றால் பரவாயில்லை. இது தடித்த பருத்தி. தண்ணீரைக் குடித்துவிட்டால் முறுக்கிப் பிழியவே முடியாது. கழுத்துப் பட்டியில் பல மடிப்பு வைத்து வரிவரியாகத் தைத்திருக்கிறார்கள். அங்கேதான் வியர்வையும் தங்குகிறது, கரும்புள்ளியாகப் பூஞ்சணமும் பிடிக்கிறது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் விறகுப் புகை ஏறி வெள்ளை பழுப்பாகிவிடுகிறது. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், போட்டால் மூடுபனி வந்து காய்ந்ததையும் நனைத்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பிளீச் ஊற்றச் சொன்னார். கேட்டேன், கெட்டேன். வியர்வை ஊறிய துணியில் குளோரின் பட்டதும் அக்குள் இன்னும் மஞ்சளானது, நூலும் நைந்தது. கொதிநீரில் போட்டால் பருத்தி சுருங்கும்; போன வருடம் வாங்கிய காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியது அப்படித்தான். இப்போது பச்சைத் தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊறவைக்கிறேன். வாடை போகிறது. ஈரத்துக்குத்தான் வழியில்லை.

மாஸ்டரோ வெள்ளை வெளேரென்று வர வேண்டும் என்கிறார். ஒழுக்கம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது உடுப்பு வாங்க வழியில்லாத பிள்ளையை, இந்தக் குளிரில் ஈர உடுப்போடும் வெறுங்காலோடும் வரிசையின் கடைசியில் நிறுத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மழை மாதங்களிலாவது டீசேர்ட்டோடு பயிற்சி செய்ய விடக்கூடாதா?