செலிமியேயின் சாக்கடையையும் காட்டுங்கள்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், உஸ்குதாரில் நிற்கிறது செலிமியே படைமுகாம். இன்று துருக்கியின் முதலாம் படைத் தலைமையகம். கோபுர அறைகளில், நவீனச் செவிலியத்தின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் நினைவகம். பார்க்க முன் அனுமதி வேண்டும். விளக்கோடு நின்ற பெண்மணி என்ற கதையோடு அது முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

மரத்தில் எழும்பிய முதல் கட்டடம் எரிந்துபோக, ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1825 முதல் 1828 வரை கல்லில் கட்டினார். அது சிப்பாய்கள் தங்குவதற்கான இடம். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் துருக்கியும் ஒரே பக்கம் நின்ற கிரிமியப் போரில், 1854-ல், பிரிட்டிஷார் கைக்கு வந்தது. பக்கத்து ஹைதர்பாஷா ராணுவ மருத்துவமனை நிரம்பியதும், நோயாளிகளை இங்கே தாழ்வாரங்களில் வரிசை வரிசையாகக் கிடத்தினார்கள். நவம்பரில் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு வந்தார். சாவு குறையவில்லை, கூடியது.

ஏன்? கட்டடத்துக்கு அடியில் ஓடியது வளைவு மூடிய சாக்கடை. கழிவு நகராமல் தேங்கியது. கழிவறைக் குழாய்களில் நாற்றத்தைத் தடுக்கும் ட்ராப் கிடையாது. காற்று அடித்தால் சாக்கடை வாடை குழாய் வழியே ஏறி நோயாளிகள் கிடந்த தாழ்வாரத்துக்கே வரும். குடிநீரும் கெட்டிருந்தது. காயத்தால் செத்தவர்களைவிட வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல், காலராவால் செத்தவர்களே மிக அதிகம்.

1855 மார்ச்சில் மருத்துவர் சதர்லாந்து, பொறியாளர் ராலின்சன் இருந்த பிரிட்டிஷ் சுகாதாரக் குழு வந்து இறங்கியது. செய்த வேலைகள் எளியவை. குப்பையையும் செத்த விலங்குகளையும் அள்ளினார்கள், சாக்கடையைத் தண்ணீர்விட்டு அலசினார்கள், எலிகள் பதுங்கிய மரத் திண்ணைகளைப் பிடுங்கினார்கள், காற்றோட்டத்துக்குத் திறப்புகள் வைத்தார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிப்ரவரியில் 100 நோயாளிகளுக்கு சுமார் 42 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. இதன் முழு அர்த்தம் நைட்டிங்கேலுக்கே லண்டன் திரும்பி, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு கணக்குப் பார்த்த பிறகுதான் தெளிவானது. கொன்றது சுகாதாரக் கேடுதான் என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மைக்காகவே அவரை இன்னும் மதிக்கிறேன்.

பிறகு இது மறுபடி படைமுகாம், புகையிலைக் கிடங்கு, 1959 முதல் 1963 வரை ராணுவப் பள்ளி, அதன்பின் தலைமையகம். பக்கத்து ஹைதர்பாஷா மருத்துவமனையோ 2016-ல் சுகாதார அமைச்சகத்துக்கு மாறி, இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது. ஒரு கட்டடத்துக்கு இதைவிட நல்ல முதுமை எனக்குத் தெரியவில்லை.

செலிமியேயில் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். நினைவறையில் சாக்கடையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, ட்ராப் இல்லாத குழாயில் காற்று எப்படி ஏறியது என்று காட்டும் மாதிரி ஒன்று, பக்கத்தில் மாதவாரியான சாவுக் கணக்கு. இந்த மூன்றும் ஒரு சுவரில் அடங்கும்.