ஒன்றரை சென்ட் வீடு

கீழக்கரையில் பழைய தெருவொன்றில் புதுவீடு வாங்கினோம். ஒன்றரை சென்ட், அதாவது சுமார் 653 சதுர அடி. ஓரம் விடாமல் கட்டியிருக்கிறார்கள்! அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். அந்தப் பழைய வீட்டில் முற்றம் இருக்கிறது, காற்று வருகிறது. எங்களுக்குப் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கட்டி நான்கே வருடம்; பால்கனி அடியில் காரை பெயர்ந்து விழுகிறது. விரலால் தொட்டால் துருப்பிடித்த கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. உப்புக்காற்று ஊரில் கம்பிக்கு மேல் கான்கிரீட் கனமாக இருக்க வேண்டாமா? உப்பு இறங்கினால் கம்பி துருவேறி வீங்கி, காரையைப் பிளந்துவிடும். விற்றவர் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்.

தண்ணீர் லாரியும் சந்துக்குள் நுழையாது. முக்கிலிருந்து அம்மாதான் குடம் சுமக்கிறாள்.