அருமை, அற்புதம், அவசியம் வாசியுங்கள். சரி, அப்புறம்?

சமீபத்தில் படித்த நாவலைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். படித்தோமா, மூடினோமா என்று போகாமல் அடுத்தவருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் அந்த நாலு வரிக்குள் நாவலைத் தேடினால்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

"ஒரே மூச்சில் படித்து முடித்தேன்." "கதாபாத்திரங்கள் கண்முன்னே நடமாடினார்கள்." "படித்து முடித்த பிறகும் மனம் கனத்துக் கிடந்தது." "வாசிப்பை நேசிக்கும் அனைவரும் தவறவிடக் கூடாத படைப்பு." அட்டைப்படத்தை மறைத்துவிட்டு இந்த வரிகளைப் படித்துப் பாருங்கள். எந்த நாவல் என்று சொல்ல முடியுமா? சரித்திரக் கதைக்கும் பொருந்தும், குடும்பக் கதைக்கும் பொருந்தும், துப்பறியும் கதைக்கும் பொருந்தும். நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள வசதி. சிலர் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறார்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

இன்னொரு வகையினர் முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். நாயகன் பிறந்தான், வளர்ந்தான், காதலித்தான், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் இன்னது நடந்தது, ஆசிரியருக்கு வாழ்த்துகள். இவர்கள் படித்திருப்பது உறுதி. ஆனால் படித்ததில் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் பதிவில் இருக்காது.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். எந்த இடம்? உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது, அல்லது இனி முடியாது என்று கைவிட வைத்த இடம் எது? அதை மட்டும் சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலையே எடுத்துக்கொள்வோம். "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தத்ரூபமாகச் சித்தரிக்கும் நாவல்" என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போக மாட்டார்கள். நாயகி ஜமுனா நொந்துபோய், இனி இருந்து என்ன என்று கிடக்கும்போது டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை அவளிடம் சொல்கிறாளே, அந்த இடத்தைச் சொன்னால் போவார்கள். டீச்சரம்மா ஆறுதல் வார்த்தைகளை அடுக்குவதில்லை. தான் பட்டதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். பஞ்சம் தண்ணீருக்கு மட்டும் இல்லை என்பது அங்கே நமக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நாவல் கெட்டுப்போயிருக்கும்.

இதே நாவலை "ஒன்றுமே நடக்கவில்லை, சப்பென்று இருக்கிறது" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அசோகமித்திரன் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால்தான் காதில் விழும் என்று பழகியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கே சலித்தது, எது வரும் என்று காத்திருந்து வராமல் போயிற்று என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லலாமே. நீங்கள் குறை என்று சொன்னதற்காகவே ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கக்கூடும். "மெதுவாகப் போகிறது" என்று யாராவது திட்டினால் நான் உடனே குறித்துவைத்துக்கொள்கிற ஆள்.

கதாபாத்திரத்தின் மேல் வருகிற கோபத்தை நாவலின் மேல் காட்டுவது இன்னொரு பழக்கம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. இத்தனை வருடம் ஆகியும் அதைப் படிக்கிற யாராவது ஒருவர் "இப்படியும் ஒரு தாய் இருப்பாளா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கணவர் தண்டபாணி இருக்கும்போதே சிவசுவோடு உறவு வைத்திருக்கும் அலங்காரம், மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். அவன் படித்து ஒரு ரிஷியைப்போலத் திரும்பி வந்தால் தன் பாவம் கரையும் என்று நினைக்கிறாள். இவளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிடிக்காத ஒருத்தியைப் பற்றிய நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறீர்களே, அது எப்படி நடந்தது? ஜானகிராமன் எதைச் செய்து உங்களை உட்கார வைத்தார்? கருத்து என்பது அங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலங்காரத்தைத் திட்டி எழுதப்படும் பதிவுகளில் தண்டபாணிக்கு அநேகமாக ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. எல்லாம் தெரிந்தும் அந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்கும் மனிதர். எனக்கு அந்த நாவலில் அதிகம் தொந்தரவு கொடுத்தவர் அவர்தான்.

வாசகர் கருத்துதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். வாசகர் கருத்திலிருந்து ஒரு பெரிய நாவலே பிறந்திருக்கிறது.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண். காரில் ஏற்றிக்கொள்ளும் முன்பின் தெரியாத ஆள். நடக்கக் கூடாதது நடந்து, வீட்டுக்கு வந்து அழுகிறாள். அம்மா முதலில் ஆத்திரப்படுகிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு உடன்பாடே கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "கதை சரியில்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் போகவில்லை. அந்தத் தண்ணீரில் வந்து நின்றார்கள். ஒரு தாய் எப்படி அதைக் கொட்டலாம் என்பதுதான் சண்டை.

ஜெயகாந்தனும் அதே இடத்தைத்தான் திரும்பத் தொட்டார். சரி, அம்மா தண்ணீரைக் கொட்டவில்லை, கத்திக் கூப்பாடு போட்டுவிட்டாள், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்தப் பெண்ணின் கதி என்ன? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. கங்கா என்ற பெயரில் அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், தனியாக நிற்கிறாள். கோபப்பட்ட வாசகர்கள் கேட்ட முடிவை அவர்களுக்கே கொடுத்து, பாருங்கள் இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டிய நாவல் அது. இதில் குறும்பு வேறு. நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதியிருக்கிறார், கங்கா அதைப் படிக்கிறாள். 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. சண்டை போட்ட வாசகர்களுக்கு அதில் பங்கு உண்டு என்றே சொல்வேன்.

கல்கியும் 'பொன்னியின் செல்வன்' தொடரை 1954இல் முடித்தபோது, இப்படித் திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று குறைபட்டவர்களுக்கு முடிவுரை எழுதிப் பதில் சொன்னவர்தான்.

கதையைச் சொல்லிவிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஸ்பாய்லர் என்று கூச்சல் போடுகிறவர்களை நான் பாதிதான் மதிக்கிறேன். கொலையாளி யார் என்பதே நாவல் என்றால், பெயரைச் சொல்வது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் எல்லா நாவலும் அப்படி இல்லையே. பூமணியின் 'வெக்கை'யில் கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்றவனைச் சிதம்பரம் என்ற சிறுவன் வெட்டிவிட்டு ஓடுகிறான். யார், ஏன் என்பதையெல்லாம் மறைத்துவைத்து வித்தை காட்டுவதில் பூமணிக்கு அக்கறையே இல்லை. அப்பாவும் மகனும் ஒளிந்து திரியும் நாட்களில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் நாவல். 2019இல் 'அசுரன்' படம் வந்த பிறகு இதைத் தேடிப் படித்தவர்களில் சிலர் "படத்தில் இருந்த வேகம் இல்லை" என்று எழுதினார்கள். படம் அப்பாவின் படம், நாவல் பெரும்பாலும் பையனின் நாவல். இவ்வளவு சொன்னதால் 'வெக்கை' உங்களுக்குக் கெட்டுவிட்டதா? கெடவில்லை. ஆதித்த கரிகாலன் சாகப் போகிறான் என்று தெரிந்துகொண்டேதானே 'பொன்னியின் செல்வ'னைப் படிக்கிறோம்.

இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இடத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'மாதொருபாகன்' சாட்சி. பெருமாள்முருகனின் அந்த நாவல் 2010இல் வந்தது. நாலு வருடம் சும்மா இருந்துவிட்டு, 2014 கடைசியில், குழந்தையில்லாத பெண்கள் கோயில் திருவிழாவில் வேறு ஆணோடு சேர்வதைப் பற்றிய சில பக்கங்களை மட்டும் எதிர்ப்பாளர்கள் நகலெடுத்துப் பரப்பினார்கள். குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியம், ஊர் வாயில் அவர்கள் படும் அவமானம் எதுவும் அந்த நகலில் இல்லை. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்று எவருக்கும் கட்டாயம் இல்லை, பிடிக்காவிட்டால் தூக்கிப் போடலாம் என்பது அந்தத் தீர்ப்பில் உள்ள விஷயம்தான். ஆகவே இடத்தைச் சொல்லும்போது அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மஞ்சள் கோடு போட்டு "பாருங்கள் என்ன எழுதியிருக்கிறார்" என்று போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பக்கத்தைப் படித்தீர்களா?

பாதியில் வைத்த நாவல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. முடிக்கவில்லை என்று சொல்வதில் என்ன வெட்கம்? சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' முதல் வரியிலேயே ஜே.ஜே.யின் மரணத்தைச் சொல்லிவிடுகிறது, 1960 ஜனவரி 5 என்று தேதி போட்டு, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் என்று. ஜே.ஜே. என்ற இல்லாத ஒரு மலையாள எழுத்தாளரின் வாழ்க்கையைக் கதைசொல்லி பாலு தொகுக்கிறான், அப்புறம் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் வருகின்றன. கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்து அந்த நாட்குறிப்பில் புத்தகத்தை மூடியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எழுதினால் "அற்புதம்" என்று எழுதுகிற பத்துப் பேரைவிட எனக்கு உபயோகமாக இருக்கும். முடித்தவர் தன் உழைப்பை நியாயப்படுத்தப் பார்ப்பார். பாதியில் வைத்தவருக்கு அந்த நெருக்கடி கிடையாது.

ஆசிரியரின் நண்பர்கள் எழுதும் பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆசிரியரையும் பதிப்பகத்தையும் டேக் செய்துவிட்டுத்தான் முதல் வரியையே தொடங்குகிறார்கள் என்றால் அது விளம்பரம், அதற்கும் இடம் உண்டு, நான் அதைக் கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையான நஷ்டம் வேறு. நண்பர் எழுதிய நாவல் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுகிறோம். அவரும் அந்த மௌனத்தைப் புரிந்துகொண்டு, அடுத்த நாவலையும் அதே மாதிரியே எழுதுகிறார்.

நட்சத்திரம் போடுவதும் எனக்கு உதவாது. ஐந்துக்கு மூன்று என்றால் எந்த இரண்டு போயிற்று?

விமர்சகர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் நூல்களை அறிமுகம் செய்து எழுதிய கட்டுரைகள் புத்தகமாகவே இருக்கின்றன. பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை என்று அவரைத் திட்டியவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அந்தத் திட்டில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அவர் தனக்குப் பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். இரண்டாவதைச் சொல்லத் தயங்குகிறவர் முதலாவதைச் சொன்னால் நான் எப்படி நம்புவது?

சரி, நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. இப்போது மறுபடி படித்து முடித்திருப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்தபோது பெரிதாக யாரும் பேசாமல், பின்னால் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மேலே கொண்டுவந்த நாவல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் போகும்போது புயல் பிடிக்கிற பக்கங்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்: வாக்கியங்கள் உடைந்து உடைந்து விழும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொரு கடல் காட்சி நினைவுக்கு வரவில்லை. ஆனால் குடித்துக்கொண்டு தமிழர் பெருமையைக் கிண்டலடிக்கும் நீளமான பேச்சுகள் இருக்கின்றனவே, அவற்றில் பாதி இம்முறை எனக்கு அதிகப்படியாகவே பட்டது. முதல் கிண்டலிலேயே விஷயம் புரிந்துவிடுகிறது, அவர் விடுவதாக இல்லை. அந்தப் பேச்சுகள்தான் நாவலின் உயிர் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று தெரியும். வாருங்கள், பேசலாம். "மாஸ்டர்பீஸ் சார் அது" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பேச்சு, எந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.