விதையில்லா வாழையும் மரபணு வாசிப்பும்

2012-ல் வாழையின் மரபணுத்தொகுதியை, அதாவது செடியின் முழு மரபுத் தகவலை, விஞ்ஞானிகள் வாசித்தபின், சந்தையில் விற்கும் விதையில்லா வாழை எல்லாம் மரபணு மாற்றியவை என்ற தகவல் பரவுகிறது. அது சரியல்ல நண்பர்களே. மரபணுவில் இருப்பதை வாசித்து அறிவது வேறு, அதை மாற்றுவது வேறு. பூவன், ரஸ்தாளி, மொந்தன் எல்லாம் ஆய்வகங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் தோட்டங்களில் இருந்தவை. இவற்றில் குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதை சரியாக உருவாவதில்லை. மகரந்தம் சேராமலே காய் திரளும். பக்கக் கன்று நட்டே நம் விவசாயிகள் காப்பாற்றி வந்த ரகங்கள் இவை. 2012-ல் வாசித்ததோ ‘பகாங்’ என்ற காட்டுவாழை வழிவந்த செடியை. நோய் தாங்கும் மரபணுக்களைத் தேட அது பெரிய துணை.

அந்த வாசிப்பை வெளியிட்ட ‘நேச்சர்’ அறிவியல் இதழின் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கலாம். இந்தியாவில் அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர்களின் விவரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் தளத்தில் உண்டு; வாழை அதில் இல்லை.