தாத்தா பி.ஏ. பெயில்

(குலசேகரம் சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை. காலை பத்தரை மணி. கடைக்காரி ஸ்டெல்லா மெஷினில் பேப்பர் அடுக்குகிறார். ரப்பர் பால்வெட்டு முடித்த கையோடு தாசன் வருகிறார். சட்டையில் பால் காய்ந்து வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டியிருக்கிறது. கக்கத்தில் மஞ்சப் பை.)

தாசன்: ஸ்டெல்லா பிள்ளே, இந்த மார்க் ஷீட்ட ஒரு லேமினேஷன் போட்டுத் தா. நல்ல கட்டியான பிளாஸ்டிக்கா போடு.

ஸ்டெல்லா: பைய, பைய! அண்ணே, இது அஜினுக்க பத்தாங்கிளாஸ் அசல்லா? அசலுக்கு லேமினேஷன் போடப்பிடாது.

தாசன்: பின்ன? எங்க வீட்டுல கரப்பான் உண்டு. கல்யாண போட்டோவுல எனக்க மூஞ்சிய தின்னுட்டு. பொண்டாட்டி மூஞ்சிய தொடல்ல, பயந்துட்டு.

ஸ்டெல்லா: சூட்டுல ஒட்டுன பிளாஸ்டிக்க உரிச்சா தாளும் கூடவே கிழிஞ்சி வரும். நாளைக்கி எவனாவது அசலுக்கப் பொறத்த சீல் வைக்கணும்னு சொன்னா, பிளாஸ்டிக்குல மை நிக்காது. சும்மா ஒரு உறையில சொருகி, தகரப் பெட்டியில வைங்க. 10 காப்பி எடுத்துத் தாறேன். ஸ்கேனும் பண்ணி ஒங்களுக்க போனுக்கு அனுப்புதேன்.

தாசன்: 10 காப்பியா? பய இப்பதான பிளஸ் ஒண்ணு. காலேஜிக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு.

ஸ்டெல்லா: ரப்பருக்கு மழைக்காப்பு எப்பம் கட்டுவிய?

தாசன்: இடவப்பாதி மழைக்கு முன்ன. மே மாசத்துல.

ஸ்டெல்லா: மழ பெஞ்ச பிறவு கட்டுனா என்ன?

தாசன்: ஈரப் பட்டையில பிளாஸ்டிக் ஒட்டாது. பாலு பூராவும் மழையோட... ஏ, நீ என்னைய எனக்க தோட்டத்துல வச்சே மடக்குத!

(ஸ்டெல்லா மஞ்சப் பையைக் கவிழ்க்கிறார். ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, கூடவே ஒரு மட்டிப் பழம்.)

ஸ்டெல்லா: அண்ணே, ஒங்களுக்கு எத்தன பயக்க?

தாசன்: ஒருத்தன் தான். என்ன கேள்வி இது?

ஸ்டெல்லா: இதுல மூணு பேரு இருக்கான். மார்க் ஷீட்டுல ஜே எழுத்து போட்ட அஜின், பின்னால டி இனிசியல். ஆதாருல ஜி எழுத்து போட்டு அகின் தாசன். ஸ்மார்ட் கார்டுல அசின்.

தாசன்: அசின் நல்ல பேருதான. சினிமாவுல எல்லாம் உண்டு.

ஸ்டெல்லா: டாக்டர் படிப்புக்குள்ள நீட்டு, இஞ்சினியரிங்குக்குள்ள ஜேஇஇ, எந்த நுழைவுத் தேர்வுக்கு எழுதிப்போட்டாலும் மார்க் ஷீட்டுல உள்ளத வச்சுத்தான் பேரு பாப்பாங்க. அப்பம் ஆதாரு ஒருத்தன், மார்க் ஷீட்டு வேற ஒருத்தன்னு வந்தா, விண்ணப்பத்துல சிக்கல் வரும். பேங்குல போடுத உதவித்தொகையும் ஆதார் பேருல தட்டும்.

தாசன்: அப்பம் மார்க் ஷீட்ட மாத்திரலாமா? நீ தான் கம்ப்யூட்டர் வச்சிருக்கியே.

ஸ்டெல்லா: என்னைய உள்ள தள்ளவா பாக்குதிய? மார்க் ஷீட்டுல திருத்தம்னா ஹெச்எம் வழியா சென்னைக்கி, தேர்வுத்துறைக்குப் போகணும். அலைச்சல். பத்தாங்கிளாஸ் பப்ளிக்குக்கு பேர் பட்டியல் எடுக்கும்போது ஸ்கூல்ல ஒரு தாளு குடுத்து கையெழுத்து வாங்குவாங்களே, அன்னைக்கு வாசிச்சுப் பாத்திருந்தா தீந்துது.

தாசன்: கையெழுத்து நான் தான் போட்டேன். வாசிக்கணும்னு ஆரும் சொல்லல்ல.

ஸ்டெல்லா: இப்பம் மார்க் ஷீட்டுல சரியாத்தான் இருக்கு. அத அப்பிடியே வச்சுட்டு, ஆதார அதுக்கு ஒத்தாப்புல திருத்துங்க. ஆனா ஆதாருல பேரு மாத்த ஆயுசுல ரெண்டே தடவதான். எழுத்துக் கூட்டிப் பாத்து சொல்லணும். 

தாசன்: ரெண்டு தடவதானா? கல்யாணமே பரவால்ல போல.

ஸ்டெல்லா: அண்ணி காதுல விழும். பயலுக்கு 15 முடிஞ்சாச்சுல்லா? அப்பம் கைரேகை, கண்ணு ரெண்டும் புதுசா பதியணும். சின்னதுல எடுத்தது இனி ஒத்து வராது. 17 வயசுக்குள்ள போனா அதுக்குப் பைசா கெடையாது. ரெண்டு வேலையும் ஒரே நாள்ல முடியும்.

தாசன்: செரி, பேப்பர விடு. எனக்க சங்கடம் வேற. இவன் பயாலஜி குரூப்ப எடுத்துட்டான். கம்ப்யூட்டர் இஞ்சினியர் ஆக்கணும்னு நெனச்சேன். போச்சு.

ஸ்டெல்லா: எங்க போச்சு? மாத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி நாலும் உள்ள குரூப்பு தான?

தாசன்: ஆமா. கம்ப்யூட்டர் இல்லியே.

ஸ்டெல்லா: கம்ப்யூட்டர் இஞ்சினியரிங்குக்கு பிளஸ் டூவில கம்ப்யூட்டர் பாடம் படிக்கணும்னு ஒண்ணும் கெடையாது. மாத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருந்தா போதும். நீட்டும் எழுதலாம், இஞ்சினியரிங்கும் போலாம். அவன் ரெண்டு வாசலையும் தொறந்து வச்சிருக்கான். தாவரவியல், விலங்கியல்னு மாத்ஸ் இல்லாத குரூப்பு எடுத்திருந்தா இஞ்சினியரிங் வாசல் அடஞ்சிரும். கம்ப்யூட்டர் குரூப்புன்னா பயாலஜி இருக்காது, டாக்டர் படிப்பு தட்டும்.

தாசன்: இது தெரியாம நான் ரெண்டு வாரமா அவன்ட்ட மிண்டாம இருக்கேனே!

ஸ்டெல்லா: அவன் படிச்சிருப்பான், நல்ல அமைதி கெடச்சிருக்கும். கட் ஆஃப் என்னன்னு தெரியுமா?

தாசன்: தெரியாம? ஒரு நாளைக்கு 300 மரம் கட் பண்ணுதேன்.

ஸ்டெல்லா: அது கத்திக் கணக்கு. இது வேற. பிளஸ் டூவில ஆறு பாடம், 600 மார்க்கு. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு அதுல மூணு பாடந்தான். மாத்ஸ் 100 அப்பிடியே. பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி. மொத்தம் 200க்கு. மாத்ஸ் 90, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 84ன்னு வைங்க. 90, 40, 42. ஆக 172.

தாசன்: தமிழ்ல 99 எடுத்தா?

ஸ்டெல்லா: தமிழ் வாத்தியாரு சந்தோசப்படுவாரு. இந்தக் கணக்குல சேராது. ஆனா 35 எடுத்து பாஸாகலன்னா மத்த எதுவும் சேராது. இப்பம் கேளுங்க: மாத்ஸ்ல 5 மார்க்கு கூடுனா 177. அதே அஞ்சு பிசிக்ஸ்ல கூடுனா 174.5 தான். 

தாசன்: அப்பம் பிசிக்ஸ்ல ரெண்டு மார்க்கு, மாத்ஸ்ல ஒரு மார்க்கு. சில்லறையும் நோட்டும் மாதிரி.

ஸ்டெல்லா: அதேதான். ரெண்டு பேருக்கு கட் ஆஃப் ஒண்ணா வந்தாலும் மொதல்ல மாத்ஸ் மார்க்க தான் பாப்பாங்க. ஆர்ட்ஸ் காலேஜிக்கு கணக்கு வேற. அரசு காலேஜில மொழிப்பாடம் ரெண்டையும் கழிச்சிட்டு மத்த நாலு பாடம், 400க்கு. தமிழ் இலக்கியம், இங்கிலீஷ் இலக்கியம்னா மட்டும் அந்தந்த மொழி மார்க்கு.

தாசன்: எல்லாம் பிளஸ் டூ மார்க்கு தான? அப்பம் பிளஸ் ஒண்ணுல என்னத்துக்குப் படிக்கணும்? 2025-26லேருந்து பிளஸ் ஒண்ணுக்கு பப்ளிக் பரீட்சையே எடுத்தாச்சாம். அஜின் கேக் வெட்டிக் கொண்டாடுனான். நானும் ஒரு துண்டு தின்னேன்.

ஸ்டெல்லா: பரீட்சைய தான் எடுத்தாங்க, பாடத்த எடுக்கல்ல. நீட்டுலயும் ஜேஇஇலயும் பிளஸ் ஒண்ணு, பிளஸ் டூ ரெண்டு வருசத்துப் பாடமும் வரும். நீட்டுல 180 கேள்வி, 720 மார்க்கு, மூணு மணி நேரம். சரின்னா 4, தப்புன்னா கைல இருக்கதுலேருந்து 1 போவும்.

தாசன்: கைல இருக்கதையும் புடுங்குவானா? வட்டிக்காரனா அவன்?

ஸ்டெல்லா: தெரியாதத விட்டுட்டா ஒண்ணும் போவாது. இதுலயே பாதி பயக்க விழுவான். இன்னொண்ணு, பிளஸ் ஒண்ணு மாத்ஸ்ல டிரிக்னாமெட்ரி பெருசாகும், வகையிடல், தொகையிடல் எல்லாம் தொடங்கும். அது புரியலன்னா பிளஸ் டூ புஸ்தகம் சீன பாஷையில அச்சடிச்ச மாதிரி இருக்கும். பப்ளிக் இல்லன்னு ஒரு வருசத்த விட்டவன், மறு வருசம் ரெண்டு வருசத்துப் பாடத்தையும் ஒண்ணாச் சுமப்பான்.

தாசன்: நீ ஒரு தாள்ல எழுதித் தா, என்ன செய்யணும்னு.

ஸ்டெல்லா: சின்னதாச் சொல்லுதேன். அன்னன்னைக்கு நடத்துன மாத்ஸ் கணக்க அன்னைக்கே, புஸ்தகத்தப் பாக்காம ஒருக்கா போடணும். வாத்தியாரு போர்டுல போடும்போது எல்லாவனுக்கும் புரியும், தனியா இருந்தா கை நிக்கும். எங்க நின்னுதோ அந்த வரிய அடிக்கோடு போட்டு மறுநாள் கேக்கணும். பிறவு பிராக்டிக்கல். பிராக்டிக்கல் உள்ள பாடத்துக்கு எழுத்துத்தேர்வு 70, பிராக்டிக்கல் 20, இன்டர்னல் 10. அந்தப் பத்துல ஸ்கூலுக்கு ஒழுங்காப் போனதுக்கும் மார்க்கு உண்டு. அதனால கோயில் கொடை, கல்யாணம்னு லீவு எடுக்க நீங்களே துணை நிக்காண்டாம்.

தாசன்: நான் எப்பம்...

ஸ்டெல்லா: போன வாரம் மண்டைக்காட்டு கோயில்ல ஆருக்க கூட அவன் நின்னான்?

தாசன்: (பேச்சை மாற்றி) ஈமெயில் வேணும்னு சொன்னாங்க. அவனுக்கு உண்டு. கெத்து பாய் அஜின்னு.

ஸ்டெல்லா: அந்த ஈமெயில்ல காலேஜிக்கு எழுதுனா மானம் போவும். பேரும் இனிசியலும் வச்சு ஒண்ணு புதுசா தொடங்கச் சொல்லுங்க, பாஸ்வேர்ட நோட்டுல எழுதி வைக்கட்டு. போன் நம்பரும் ரெண்டு வருசத்துக்கு மாத்தப்பிடாது. எல்லா விண்ணப்பத்துக்கும் ஓடிபி அதுக்குத்தான் வரும். நீங்க ஆபருக்காக நம்பர் மாத்துத ஆளு.

தாசன்: ஓடிபி வரும்போது நான் ரப்பர் தோட்டத்துல இருப்பேன். அங்க சிக்னலும் இல்ல.

ஸ்டெல்லா: அப்பம் அண்ணி நம்பரக் குடுங்க. பிறவு, இந்த சாதிச் சான்றிதழ்... இது மாநிலத்துக்கு உள்ளது, பத்திரமா வைங்க. மத்திய அரசு காலேஜிக்கு ஓபிசி சான்று தனி. அத இப்பமே எடுக்காண்டாம்.

தாசன்: இப்பம் தான எல்லாத்தையும் முன்னாடியே எடுக்கச் சொன்ன?

ஸ்டெல்லா: இது மழைக்காப்பு இல்ல, பாலு. முன்னாடி எடுத்தா பிரிஞ்சி போவும். சேருத வருசம் ஏப்ரல் 1க்குப் பிறவு எடுத்ததுதான் செல்லும். வருமானச் சான்றும் அது மாதிரி, அந்தந்த வருசம். போன மாசம் ஒருத்தரு ரெண்டையும் இப்பமே எடுத்து லேமினேஷனும் போட்டு வச்சிட்டாரு.

தாசன்: அரசுப் பள்ளி பிள்ளையளுக்கு 7.5 சதவீதம் இடம் உண்டுன்னாங்களே, அது நமக்குக் கிட்டுமா?

ஸ்டெல்லா: ஆறுலேருந்து பிளஸ் டூ வர தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும்.

தாசன்: எல்லாம் அரசுப் பள்ளி தான். எட்டாங்கிளாஸ் மட்டும் பாறசாலைல, மாமன் வீட்டுல நின்னு.

ஸ்டெல்லா: போச்சு! பாறசாலை கேரளாலா! ஏழரையும் போச்சு, காலேஜ் பயக்களுக்கு மாசம் 1000 ரூபா குடுக்க தமிழ்ப் புதல்வன் திட்டமும் போச்சு. இதுக்கு மேல, எட்டுலேருந்து பிளஸ் டூ வர ஒரு வருசம் வெளிமாநிலத்துல படிச்சாலும் இருப்பிடச் சான்று தனியா எடுக்கணும்.

தாசன்: எல்லாம் அந்த மச்சான் பயலுக்க வேல! மலையாளம் படிச்சா கெவர்மெண்டு ஜோலி கிட்டும்னான். இனி எனக்கு ஒண்ணுமே இல்லியா?

ஸ்டெல்லா: முதல் பட்டதாரி சலுகை பாக்கலாம். இஞ்சினியரிங் கல்விக் கட்டணத்துல கழிப்பாங்க. சான்று இ-சேவையில பதியலாம். குடும்பத்துல இதுவர ஆரும் டிகிரி முடிச்சிருக்கப்பிடாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, தாத்தா, பாட்டி எல்லாரும் அதுல வருவாங்க.

தாசன்: (தலையில் கை வைத்து) எங்க அப்பா பி.ஏ. லா! நாகர்கோவில்ல படிச்சவரு.

ஸ்டெல்லா: அப்பம் அதுவும் போச்சு.

தாசன்: (குரலைத் தாழ்த்தி) பிள்ளே... ஊர்ல சொல்லாத. அவரு கடைசி வருசம் பெயிலு. பிறவு எழுதவே இல்ல.

ஸ்டெல்லா: நெசமா?

தாசன்: சத்தியமா. 50 வருசமா கல்யாண வீட்டுல எல்லாம் பி.ஏ.ன்னு சொல்லிட்டு நடக்காரு.

ஸ்டெல்லா: அண்ணே, முடிக்காதவரு பட்டதாரி இல்ல! கெடச்சாச்சு!

தாசன்: எங்க அப்பா பெயிலானதுல இத்தன லாபமா! ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நானும் மரியாதையா நடத்தியிருப்பேனே.

ஸ்டெல்லா: விஏஓ விசாரிக்க வருவாரு. வீட்டுல கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லணும்.

தாசன்: அதுல தான் ஒரு சிக்கலு. வீட்டு கேட்டுல பெயிண்டுல எழுதி வச்சிருக்கு. 'செல்லையன், பி.ஏ.'ன்னு. நல்ல பெரிய எழுத்துல.

ஸ்டெல்லா: அப்பாட்ட ஆரு சொல்லுவா?

தாசன்: நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு செய்யலாம். பி.ஏ.க்கு அங்கோட்டு சின்னதா 'பெயில்'னு எழுதிரலாமா, இல்ல மொத்தமா அடிக்கலாமா?

ஸ்டெல்லா: எழுத்துக்கு என்ன கலரு?

தாசன்: பச்ச.

ஸ்டெல்லா: அடுத்த கடையில பச்ச எனாமல் அர லிட்டர் டப்பா இருக்கும். பிரஷும் வாங்கிக்கிடுங்க. ஜெராக்ஸ் 10 காப்பிக்கு 20 ரூபா.